பெயரும் பழியும்: குறுப் உருக்குக் கம்பனியின் வரலாறு எழுப்பும் ஓர் அறவியல் வினா

செய்த வினைக்குச் செய்தவனே பொறுப்பாளி என்பது அறவியலின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாகும். ஒருவன் புரிந்த குற்றத்திற்காக வேறொருவனைத் தண்டித்தல் நீதியாகாது என்பதை மறுப்போர் மிகச் சிலரே. ஆயின், இக்கொள்கை தனிமனிதனையே அலகாகக் கொண்டு உருவானது. மனிதன் பிறக்கிறான், வினை செய்கிறான், இறக்கிறான். அவனுடைய பொறுப்பும் அவனது வாழ்நாளின் எல்லைக்குள் அடங்கிவிடுகின்றது. தற்காலச் சமுதாயத்திலோ மிகப் பெரிய வினைகளைச் செய்வோர் தனிமனிதர் அல்லர். அரசுகளும் இராணுவங்களும் வங்கிகளும் கம்பனிகளுமே கோடிக்கணக்கான மக்களின் வாழ்வையும் சாவையும் நிர்ணயிக்கின்றன. இவற்றுள் கம்பனி என்பது விசித்திரமானதொரு பிறவி. சட்டத்தின் கண்ணில் அஃது ஓர் ஆள். அது பொருள் சேர்க்கலாம், கடன்படலாம், வழக்காடலாம். ஆனால் அதற்கு உடலும் இல்லை, மனச்சான்றும் இல்லை, இயற்கையான மரணமும் இல்லை. அதை நடத்தியோர் மறைந்த பின்னரும் அதன் பெயர் நிலைக்கின்றது. அவ்வாறாயின், அப்பெயரால் இழைக்கப்பட்ட தீமைக்குப் பதிலிறுக்க வேண்டியவர் யாவர்? இழைத்தவர் இறந்ததும் அத்தீமை கணக்கிலிருந்து நீங்கிவிடுகின்றதா? அன்றி, பெயரையும் பொருளையும் பெற்றுக்கொண்டவர் பழியையும் பெற்றுக்கொள்கின்றனரா?

இவ்வினாவை வெறுங் கருத்துநிலையில் ஆராயப் புகின் அது சொற்போராக முடிந்துவிடுதல் கூடும். எனவே குறிப்பிட்டதொரு வரலாற்றின் துணைகொண்டு நோக்குதல் பயனுடையது. ஜேர்மனியின் எசன் நகரிற் பிறந்து, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே குடும்பத்தின் உடைமையாய் இருந்த குறுப் உருக்குக் கம்பனியின் வரலாறு அதற்கு மிகவும் பொருத்தமானது. அக்கம்பனி ஒரு காலத்திற் குடும்பமாகவும், ஒரு காலத்திற் பங்குடைமைக் கம்பனியாகவும், ஒரு காலத்தில் ஒரேயொரு மனிதனின் உடைமையாகவும், ஈற்றில் ஓர் அறநிலையத்தின் உடைமையாகவும் உருமாறி வந்துள்ளது. ஒவ்வோர் உருமாற்றமும் பொறுப்பென்னும் வினாவைப் புதியதொரு வடிவில் எழுப்பியுள்ளது.

மூசையும் வார்ப்பும்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் பிரதேசத்திற் பெஞ்சமின் ஹன்ற்ஸ்மன் என்பார், களிமண் மூசைகளில் உருக்கை முற்றாக உருக்கி வார்க்கும் முறையை வகுத்தார். அவ்வாறு பெறப்பட்ட வார்ப்புருக்கு, கசடு நீங்கி எங்கும் ஒரே தன்மையதாய் இருந்தமையால் கருவிகள் செய்தற்கு இணையற்றதாயிற்று. நெப்போலியன் விதித்த வர்த்தகத் தடை ஆங்கிலேய உருக்கு ஐரோப்பியக் கண்டத்தினுட் புகுவதைத் தடுத்தபோது, அவ்விடத்தை நிரப்பும் நோக்குடன் 1811ஆம் ஆண்டிற் பிரீட்றிக் குறுப் எசன் நகரிலே தமது ஆலையை நிறுவினார். முயற்சி பலித்தது, ஆனால் இலாபம் கிட்டவில்லை. 1826இல் அவர் முப்பத்தொன்பது வயதிற் கடனாளியாக இறந்தபோது, சிறியதோர் ஆலையும் ஒரு சில தொழிலாளருமே எஞ்சினர். பொறுப்பை ஏற்ற மகன் அல்பிரட்டுக்கு அப்போது வயது பதினான்கு. தந்தையின் கடனை மகன் ஏற்று அடைத்தான் என்பது பின்னாளில் அக்குடும்பம் பெருமையுடன் நினைவுகூர்ந்த செய்தியாகும். கடன் தலைமுறை கடந்து செல்லும் என்பதைக் குறுப் குடும்பம் தனது வரலாற்றின் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டிருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1851இல் இலண்டனில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் ஏறத்தாழ இரண்டு தொன் நிறையுடைய ஒற்றை உருக்கு வார்ப்பொன்றை அல்பிரட் காட்சிக்கு வைத்தபோது அனைவரும் வியந்தனர். அத்தகைய வார்ப்பினைச் செய்யும் முறை கருதத்தக்கது. மூசை ஒவ்வொன்றும் சில பத்து இறாத்தல் உருக்கையே கொள்ளும். பல பத்து மூசைகளை ஒரே நேரத்திற் பதமாக உருக்கி, உலையினின்றும் எடுத்து, இடையறாது ஒன்றன்பின் ஒன்றாக அச்சினுள் ஊற்றல் வேண்டும். ஒரு குழு சற்றே தாமதித்தாலும் வார்ப்புப் பழுதாகும். எனவே தொழிலாளர் அனைவரும் இராணுவ ஒழுங்குடன் இயங்கப் பயிற்றப்பட்டனர். வார்ப்பு ஆறி இறுகிய பின்னர், எந்த மூசையின் உருக்கு எங்கே இருக்கின்றதென எவராலும் பிரித்துக் காட்டவியலாது. கூட்டாகச் செய்யப்படும் வினையின் இயல்பும் இத்தகையதே. ஊற்றியவர் பலர், பொருளோ ஒன்று. எனினும், ஒவ்வொரு மூசையையும் ஏதோவொரு கை தூக்கி ஊற்றியது என்பதும் மறுக்கவியலாத உண்மை.

1850களில் ஒட்டில்லாத புகையிரதச் சக்கர வளையங்களைச் செய்யும் முறையை அல்பிரட் கண்டறிந்தார். குறுப் கம்பனியின் செல்வத்திற்கு அடிகோலியது பீரங்கியன்று, அவ்வளையமே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஒன்றோடொன்று பின்னிய மூன்று வளையங்கள் 1875இல் அக்கம்பனியின் இலச்சினையாயின. 1862இல் பெசமர் முறையும் பின்னர் சீமன்ஸ்-மார்ட்டின் முறையும் புகுத்தப்பட்டதும் உருக்கு உற்பத்தி மூசைகளின் எல்லையைக் கடந்து பெருகிற்று. அல்பிரட் 1887இல் இறந்தபோது ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் அக்கம்பனியிற் பணியாற்றினர்.

கருணையும் உரிமையும்

அல்பிரட் தமது தொழிலாளர் மீது காட்டிய அக்கறை அக்காலத்து முதலாளிகளிடத்து அருகியே காணப்பட்டது. 1836இலேயே நோயுற்றோருக்கான உதவிநிதி தொடங்கப்பட்டது. பின்னர் ஓய்வூதியம், குடியிருப்புகள், மலிவு விலைப் பண்டகசாலைகள், மருத்துவமனை ஆகியன ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. அரசாங்கம் சமூகக் காப்புறுதி பற்றிச் சிந்திப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே எசன் நகரத் தொழிலாளி இவற்றை அனுபவித்தான். தம்மைக் ‘குறுப் மனிதர்’ எனச் சொல்லிக்கொள்வதிற் பல தலைமுறைத் தொழிலாளர் பெருமை கொண்டனர்.

ஆயினும், இக்கருணையின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். 1872இல் அல்பிரட் வகுத்த பொது ஒழுங்குவிதி, தொழிலாளரின் நலன்களோடு அவர்தம் விசுவாசத்தையும் கீழ்ப்படிவையும் பிணைத்தது. 1877இல் தமது தொழிலாளருக்கு விடுத்த அறிக்கையில், அரசியலில் ஈடுபடாது தொழிலையும் குடும்பத்தையும் கவனிக்குமாறு அவர் அறிவுறுத்தினார். வேலையிலிருந்து நீக்கப்பட்டவன் வீட்டையும் இழந்தான். விலகிச் சென்றவன் தான் செலுத்திய ஓய்வூதியப் பணத்தையும் இழந்தான். எசன் நகருக்கு வெளியே குன்றின்மேல், 1873இற் கட்டி முடிக்கப்பட்ட 269 அறைகள் கொண்ட மாளிகையிலிருந்து ஒரு தந்தை தன் மக்களை நோக்குவது போல அல்பிரட் ஆலையை நோக்கினார்.

இங்கு எழும் அறவியற் பிரச்சினை நுட்பமானது. நன்மை செய்தான் என்பதற்காக ஒருவனைக் குறைகூறல் முறையாகுமா? நன்மை நன்மையே. ஆனால் அது எவ்வடிப்படையிற் செய்யப்பட்டது என்பதும் முக்கியமானது. ‘இவன் மனிதன், ஆதலின் இவனுக்கு இது உரியது’ என்று கொடுப்பது ஒன்று. ‘இவன் என்னுடையவன், ஆதலின் இவனைப் பேணுகின்றேன்’ என்று கொடுப்பது வேறொன்று. முன்னது உரிமையை ஏற்பது. பின்னது உடைமையைப் பேணுவது. சாதாரண காலங்களில் இவ்விரண்டின் பயனும் ஒன்றுபோலவே தோன்றும். நோயாளிக்கு மருந்து கிடைக்கின்றது. முதியவனுக்குப் பணம் கிடைக்கின்றது. ஆனால் ‘என்னுடையவன்’ என்ற வட்டத்திற்கு வெளியே நிற்கும் மனிதன் ஆலை வாயிலுக்குக் கொண்டுவரப்படும் நாளில் இவ்வேறுபாடு வெளிப்பட்டே தீரும். குறுப் கம்பனிக்கு அந்நாள் 1940களில் வந்தது.

விற்பனையும் விசுவாசமும்

புகையிரத வளையம் செல்வத்தைத் தந்ததெனில், பீரங்கி புகழைத் தந்தது. வார்ப்புருக்குப் பீரங்கியை முதலிற் பிரசிய இராணுவம் ஐயத்துடனேயே நோக்கிற்று. 1870-71இற் பிரான்சுடன் நிகழ்ந்த போரில் அதன் ஆற்றல் நிரூபிக்கப்பட்டதும், குறுப் என்னும் பெயர் ஜேர்மன் வல்லமையின் மறுபெயராயிற்று. எனினும் கம்பனி தன் பொருளை ஒரு நாட்டுக்கு மட்டுமே விற்றதென எண்ணுதல் தவறு. 1866இற் பிரசியாவும் ஒஸ்திரியாவும் பொருதபோது இரு தரப்பிலும் குறுப் பீரங்கிகள் இருந்தன. போருக்கு முன்னர் பிரான்சின் மூன்றாம் நெப்போலியனுக்கும் அவை விற்பனைக்கு முன்வைக்கப்பட்டன. வாங்க மறுத்தவர் அவரே. 1902இல் வெடிகுண்டுத் திரிகைகளுக்கான தனது உரிமத்தை இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பனிக்குக் குறுப் வழங்கியது. முதலாம் உலகப் போரில் ஜேர்மன் படைவீரர்மீது வீழ்ந்த குண்டுகளுக்கான உரிமப் பணத்தைப் போரின் பின்னர் குறுப் கோரிப் பெற்றது.

வணிகன் என்ற நிலையிற் பேசும்போது கம்பனி தன்னை நாடற்றதாகக் காட்டியது. சலுகை வேண்டிய போதோ தேசத்தின் தூணாகக் காட்டியது. இவ்விரட்டை நிலையை அரசும் விரும்பியே ஏற்றது. ஆண்வாரிசு இன்றி 1902இல் பிரீட்றிக் அல்பிரட் குறுப் இறந்தபின், மறு ஆண்டிலே கம்பனி பங்குடைமை நிறுவனமாக மாற்றப்பட்டது. 160,000 பங்குகளுள் நான்கு தவிர்ந்த ஏனைய யாவும் மகள் பேர்த்தாவின் பெயரிலேயே இருந்தன. 1906இல் பேர்த்தா, குஸ்தாவ் என்னும் இராசதந்திர அலுவலரை மணந்தபோது ஜேர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் நேரிற் கலந்துகொண்டு, மணமகன் குறுப் என்னும் பெயரைத் தரித்துக்கொள்ள அனுமதி வழங்கினார். அவ்வகையில் பெயரென்பது குருதியால் மட்டுமன்றி அரசாணையாலும் தொடரப்பட்டது. பெயர் அறுந்துபோகாதிருத்தல் அனைவருக்கும் தேவையாய் இருந்தது.

ஒரே மனிதனின் உடைமை

1933ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் தேதி பேர்லினில் ஜேர்மன் கைத்தொழிலதிபர்களை ஹிட்லர் சந்தித்தபோது, அவர்கள் சார்பிற் பேசியவர் குஸ்தாவ் குறுப். தொடக்கத்தில் நாசிக் கட்சியை ஐயத்துடன் நோக்கிய அவர், அவ்வாண்டிலேயே அக்கட்சிக்குக் கைத்தொழிற்றுறையினரிடமிருந்து நிதி திரட்டும் அமைப்பின் தலைமையை ஏற்றார். அவர்தம் மூத்த மகன் அல்பிரீட், 1931இலிருந்தே எஸ்.எஸ். அமைப்பின் ஆதரவு உறுப்பினராய் இருந்தவர்.

1943 நவம்பரில் ஹிட்லர் பிறப்பித்த சிறப்பாணை அக்கம்பனியை மீண்டும் ஒரே மனிதனின் உடைமையாக்கியது. குடும்ப விருப்பத்திற்கிணங்கப் பிறப்பிக்கப்பட்ட அவ்வாணையின்படி, பாரிய வாரிசுவரியின்றி முழு உடைமையும் அல்பிரீட்டுக்குச் சென்றது. உரிமையாளர் குறுப் என்னும் பெயரையும் தரித்தார். ஜேர்மனியின் சட்டமே ஒரு குடும்பத்துக்காக வளைக்கப்பட்டது எனலாம். ஆனால் அவ்வாணைக்கு அவர்கள் எதிர்பாராத ஒரு விளைவும் இருந்தது. பங்குகளுக்கும் பணிப்பாளர் சபைக்கும் பின்னால் மறைந்து நிற்கக்கூடிய ஒரு கம்பனிக்கு அது மனித முகமொன்றைக் கொடுத்துவிட்டது.

அவ்வாண்டுகளிற் குறுப் ஆலைகளில் நடந்தது யாது? கைப்பற்றப்பட்ட நாடுகளிலிருந்த தொழிற்சாலைகளும் இயந்திரங்களும் கவரப்பட்டன. போர்க்கைதிகள், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட குடிமக்கள், சிறைமுகாம் கைதிகள் என ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் அக்கம்பனியின் பல்வேறு ஆலைகளிற் கட்டாய ஊழியம் புரிந்தனர். அவர்களுள், அவுஷ்விற்ஸ் முகாமிலிருந்து அனுப்பப்பட்ட 520 யூத இளம் பெண்களும் அடங்குவர். பெரும்பாலும் ஹங்கேரியைச் சேர்ந்த அவர்கள் 1944இல் எசன் நகருக்குக் கொண்டுவரப்பட்டு உருக்குத் தகட்டாலையில் வேலைக்கமர்த்தப்பட்டனர். ஒருத்திக்கு நாளொன்றுக்கு நான்கு மார்க்கு என்ற வீதத்திற் கம்பனி எஸ்.எஸ். அமைப்புக்கு வாடகை செலுத்தியது, உழைத்தவளுக்கு ஒன்றுமில்லை. விமானக் குண்டுவீச்சில் முகாம் அழிந்த பின்னர் அவர்கள் நிலவறையிற் படுத்தெழுந்து, குளிரில் நெடுந்தூரம் நடந்து ஆலைக்குச் சென்றனர். 1945 மார்ச்சில் நேசநாட்டுப் படைகள் நெருங்கியதும் அவர்கள் புகையிரதமேற்றி பூகன்வால்ட்டுக்கும், அங்கிருந்து பேர்கன்-பெல்சனுக்கும் அனுப்பப்பட்டனர்.

விலையுடையது வேறு, மாண்புடையது வேறு என மெய்யியலாளர் கான்ற் 1785இல் வரையறுத்தார். விலையுடைய பொருளுக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம். மாண்புடைய மனிதனுக்கு ஈடில்லை. நான்கு மார்க்கு என்னும் கணக்கு, அவ்வரையறையை அழித்தெழுதிய கணக்காகும். நோயுற்ற தொழிலாளிக்கு நூறாண்டுக்கு முன்னரே மருந்தளித்த அதே நிறுவனந்தான் அக்கணக்கை எழுதியது. இதனை முரண்பாடென்று கொள்வதிலும், முன்னர் கண்ட குறைபாட்டின் முதிர்ச்சியென்று கொள்வதே பொருந்தும். மனிதனை மனிதன் என்பதற்காகவன்றித் தன் உடைமை என்பதற்காகவே பேணிய ஓர் அமைப்பு, உடைமை வட்டத்திற்கு வெளியே நின்றவரிடத்து மனிதரைக் காணத் தவறிற்று.

வேறு வழி இருக்கவில்லை என்னும் வாதம் இங்கு எழும். போர்க்காலச் சர்வாதிகார அரசு உற்பத்தி அளவை விதித்தது. தொழிலாளரையும் அதுவே வழங்கியது. மறுத்திருந்தால் உரிமையாளரின் உடைமையும் உயிருமே போயிருக்கும் என்பது அவ்வாதம். இதற்கு மறுமொழி அக்காலத்து மனிதரிடமிருந்தே கிடைக்கின்றது. அப்பெண்கள் புகையிரதம் ஏற்றப்படுமுன் தப்பிய சிலரை எசன் நகரச் சாதாரண மக்கள் சிலர் தம் உயிரைப் பணயம் வைத்து மறைத்துக் காத்தனர். ஆணையும் அச்சமும் அவர்களுக்கும் பொதுவானவையே. மாளிகையும் செல்வாக்கும் மட்டுமே அவர்களிடம் இருக்கவில்லை.

தந்தைக்குப் பதில் மகன்

போர் முடிந்ததும் வினா நீதிமன்றுக்குச் சென்றது. 1945இல் நியூரம்பேர்க் சர்வதேச நீதிமன்றிற் குற்றஞ்சாட்டப்பட்டோருள் ஒரேயொரு கைத்தொழிலதிபராகக் குஸ்தாவ் குறுப் குறிக்கப்பட்டிருந்தார். ஆனால் அவரோ நினைவு தப்பி, விசாரணையை விளங்கிக்கொள்ளும் ஆற்றலற்றவராய்ப் படுக்கையிற் கிடந்தார். அப்போது அமெரிக்க வழக்குத் தொடுநர் ரொபேட் ஜக்சன், தந்தைக்குப் பதிலாக மகன் அல்பிரீட்டைச் சேர்க்குமாறு கோரினார். பிரித்தானியத் தரப்பு அதனை எதிர்த்தது. நீதிமன்றும் கோரிக்கையை நிராகரித்தது. ஆள் மாற்றி நிறுத்துவதற்கு நீதி விளையாட்டன்று என்பதே எதிர்ப்பின் சாரம்.

நீதிமன்றின் முடிவு சரியானதே. குறுப் என்ற பெயர் வழக்கில் இருத்தல் வேண்டும் என்பதற்காக, அப்பெயரைத் தாங்கிய யாரேனும் ஒருவரை நிறுத்துவது வழக்கன்று, சடங்கு. அரசுகளின் பெயரால் நிகழ்ந்தாலும் குற்றங்களைச் செய்வோர் மனிதரே, அருவமான அமைப்புகளல்ல என்று அதே நீதிமன்று 1946இல் தனது தீர்ப்பில் வலியுறுத்தியது. ஆனால் ஜக்சனின் தவறான கோரிக்கைக்குள்ளும் ஓர் உண்மை பொதிந்திருந்தது. தந்தையின் நினைவோடு சேர்ந்து கம்பனியின் வினையும் மறைந்துபோய்விடவில்லை என்பதே அவ்வுண்மை. அதைச் சரியான வழியில் நிலைநாட்ட, அல்பிரீட்டின் சொந்தச் செயல்களை ஆராய்வது ஒன்றே முறையாயிருந்தது.

அதற்கான தனி வழக்கு 1947 டிசம்பரிலிருந்து 1948 யூலை வரை அமெரிக்க இராணுவ நீதிமன்றில் நடைபெற்றது. அல்பிரீட்டும் கம்பனியின் உயரலுவலர் பதினொருவரும் குற்றஞ்சாட்டப்பட்டனர். ஆக்கிரமிப்புப் போருக்குச் சதிசெய்தனர் என்ற குற்றச்சாட்டைப் போதிய சான்றின்மையால் நீதிமன்று தள்ளிவிட்டது. பீரங்கி செய்தது குற்றமாகக் கொள்ளப்படவில்லை. கொள்ளையும் அடிமை ஊழியமுமே குற்றங்களாகக் கொள்ளப்பட்டன. பதினொருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர், ஒருவர் விடுவிக்கப்பட்டார். அரசின் வற்புறுத்தல் என்னும் வாதத்தை நீதிமன்று ஏற்கவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டோரின் சித்தம் வெளியிலிருந்து அடக்கப்படவில்லை. ஆணையிட்டோரின் சித்தத்தோடு அது தானாகவே ஒத்திருந்தது என்பது அதன் முடிவாகும். அல்பிரீட்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதோடு, அவருடைய சொத்து முழுவதும் பறிமுதல் செய்யப்பட்டது. பறிமுதலை மட்டும் மூன்று நீதிபதிகளுள் ஒருவர் ஏற்கவில்லை.

தீர்ப்பின் ஆயுள் குறுகியது. கொரியப் போர் மூண்டு, மேற்கு ஜேர்மனியின் தயவு அமெரிக்காவுக்குத் தேவைப்பட்ட காலத்தில், 1951ஆம் ஆண்டு சனவரி 31ஆந் தேதி அமெரிக்க உயர் ஆணையாளர் ஜோன் மக்குளோய் அல்பிரீட்டின் விடுதலையை அறிவித்தார். பறிமுதல் அமெரிக்க நீதிக் கோட்பாட்டுக்கு முரணானது, ஏனைய குற்றவாளிகளுக்கு அத்தண்டனை விதிக்கப்படவில்லை என்ற காரணங்களால் சொத்தும் திருப்பியளிக்கப்பட்டது. சுரங்கங்களையும் உருக்காலைகளையும் விற்றுவிடுவதாக 1953இல் செய்யப்பட்ட உடன்படிக்கையின் காலக்கெடு மீண்டும் மீண்டும் நீடிக்கப்பட்டு, அந்நிபந்தனை ஈற்றிற் செயலற்றுப்போயிற்று. 1950களின் பிற்பகுதியில் இந்தியாவின் ரூர்கேலா உருக்காலையை அமைக்கும் பணியில் ஈடுபட்ட ஜேர்மன் நிறுவனங்களுள் குறுப்பும் முன்னணியில் இருந்தது. பெயர் மீண்டும் உலகை வலம் வரத் தொடங்கியது.

பணமும் ஒப்புதலும்

1953இல் கம்பனியின் நிருவாகத்தை அல்பிரீட் ஒப்படைத்த பேர்த்தோல்ட் பைற்ஸ் என்பாரின் வரலாறு தனியே நோக்கத்தக்கது. போர்க்காலத்திற் பொறிஸ்லாவ் என்னுமிடத்தில் எண்ணெய்க் கம்பனியொன்றின் முகாமையாளராய் இருந்த அவர், கொலைமுகாமுக்கு அனுப்பப்படவிருந்த யூதர் பலரை, உற்பத்திக்கு இன்றியமையாத தொழிலாளர் எனக் கூறி மீட்டவர். அதற்காக 1973இல் இஸ்ரேலின் யாட் வஷேம் நிறுவனம் அவரைக் கௌரவித்தது. அதே போர், அதே அரசு, அதே ‘உற்பத்தித் தேவை’ என்னும் சொல். ஒரு கம்பனி அச்சொல்லால் மனிதரை அடிமைகளாக்கிற்று. ஒரு மனிதர் அச்சொல்லாலேயே அடிமைகளை மீட்டார். கம்பனியின் விதிகள் மனிதனின் கைகளை முற்றாகக் கட்டிவிடுகின்றன என்போர்க்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

1959 டிசம்பரிற் குறுப் கம்பனி, யூத உரிமைக்கோரிக்கைகளுக்கான அமைப்போடு உடன்படிக்கையொன்றைச் செய்தது. தனது ஆலைகளில் ஊழியம் புரிந்து உயிர் பிழைத்த யூதச் சிறைமுகாம் கைதிகளுக்கு, ஒருவருக்கு 5,000 மார்க்கு வீதம், கூடிய பட்சம் ஒரு கோடி மார்க்குவரை வழங்க அது இணங்கியது. உரிமை கோரியோர் எதிர்பார்த்ததிலும் அதிகமாயிருந்தமையால் ஒருவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 3,300 மார்க்கு மட்டுமே. போலந்து, சோவியத் நாடு முதலியவற்றைச் சேர்ந்த ஏனைய கட்டாய ஊழியருக்கு ஒன்றுமில்லை. அனைத்துக்கும் மேலாக, இக்கொடுப்பனவு சட்டப் பொறுப்பை ஏற்றதாகாது என்று கம்பனி தெளிவாகக் கூறியது.

இங்கேதான் இக்கட்டுரையின் மைய வினா தன் முழு வடிவையும் பெறுகின்றது. பணம் கொடுக்கப்பட்டது, ஆனால் ‘கொடுக்க வேண்டியது’ என்று கொடுக்கப்படவில்லை. நூறாண்டுக்கு முன்னர் அல்பிரட் தம் தொழிலாளருக்குக் கொடுத்தது போலவே, இதுவும் கருணையாகக் கொடுக்கப்பட்டது. கருணை கொடுப்பவனை உயர்த்துகின்றது; கடன் தீர்த்தல் பெறுபவனை நிமிர்த்துகின்றது. தனக்கு இழைக்கப்பட்டது அநீதி என்பதை எதிரி தன் வாயாற் சொல்லக் கேட்கும் உரிமை அப்பெண்களுக்கு மறுக்கப்பட்டது.

குற்றம், கடன், ஒப்புதல்

ஜேர்மன் மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸ் 1946இல் வெளியிட்ட நூலிற் குற்றப்பொறுப்பை நான்காக வகுத்தார். சட்டக்குற்றம், அரசியற் பொறுப்பு, ஒழுக்கக்குற்றம், பௌதிகவதீதக் குற்றம் என்பன அவை. இவற்றுள் சட்டக்குற்றமும் ஒழுக்கக்குற்றமும் தனிமனிதனையே சாரும். அரசியற் பொறுப்போ ஒரு நாட்டின் குடிகள் அனைவரையும் சாரும் என்பது அவர் கருத்து. இப்பாகுபாடு குடிமகனையும் அரசையும் கருதிச் செய்யப்பட்டது. கம்பனியைப் பொறுத்தவரை இதனைச் சிறிது மாற்றி, மூன்று கூறுகளாகக் கொள்ளுதல் தகும்.

முதலாவது குற்றம். இது செய்தவனோடு பிறந்து செய்தவனோடு முடிவது. குஸ்தாவுக்காக அல்பிரீட்டைத் தண்டித்தல் கூடாது. அல்பிரீட்டுக்காக அவர் மகன் ஆர்ண்ட்டைத் தண்டித்தலும் கூடாது. இரண்டாவது கடன். இது பொருளோடு செல்வது. அநீதியாற் பெற்ற பயன் கம்பனியின் உடைமையிற் கலந்துவிட்டது. மூசைகளிலிருந்து ஊற்றிய உருக்கைப் போல அதைப் பிரித்தெடுக்க இயலாது. ஆகவே அவ்வுடைமையை ஏற்பவன், தான் குற்றமற்றவனாயினும், கடனாளியாகின்றான். தந்தையின் கடனை அடைத்த பதினான்கு வயது அல்பிரட் எக்குற்றமும் செய்தவனல்லன். ஆயினும் கடனை மறுக்கவில்லை. மூன்றாவது ஒப்புதல். இது பெயரோடு செல்வது. பழைய புகழைக் காட்டி இன்று நன்மதிப்புப் பெறும் நிறுவனம், அதே பெயரின் பழியையும் தன்னுடையதென ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளது. 1811ஐத் தன் பிறப்பாண்டு எனக் கொண்டாடும் ஒருவர் 1944ஐப் பிறருடைய ஆண்டு எனத் தள்ளிவிட இயலாது.

இதற்கு இரு தடைகள் எழுப்பப்படலாம். இன்றைய தொழிலாளியும் சிறு பங்குதாரரும் அன்றைய வினைக்கு விலைகொடுக்க வேண்டுமா என்பது ஒன்று. அவர்கள்மீது குற்றம் சுமத்தப்படவில்லை. தமக்குரியதல்லாத ஒரு பங்கு அவ்வுடைமையில் உண்டென்பதே சொல்லப்படுகின்றது. கடன் தீர்த்தபின் எஞ்சுவதே இலாபம் என்பது வணிகத்தின் சொந்த விதியுமாகும். காலம் செல்லச் செல்ல இக்கடன் எல்லையற்றுப் பரவி எவரையும் சாராது போய்விடும் என்பது மற்றையது. இத்தடை வலுவுடையது, தலைமுறைகள் பல கடந்த அநீதிகளுக்குக் கணக்குப் பார்ப்பது அரிது. ஆனால் கடன் கொடுத்தவர் உயிரோடிருக்கையிலேயே காலத்தைக் காரணங்காட்டித் தாமதிப்பது, கடனை மறுப்பதன் மற்றொரு வழியேயன்றி வேறன்று.

பிற்கால வரலாறு இதனை உறுதிசெய்கின்றது. 1966இல் ஆர்ண்ட் தம் வாரிசுரிமையைத் துறந்தார். அதற்கீடாகப் பெரியதோர் ஆண்டுப் படியைப் பெற்றார். 1967 யூலையில் அல்பிரீட் இறந்ததும் கம்பனி அவர் பெயரிலமைந்த அறநிலையத்தின் உடைமையாயிற்று. 1943இற் பெற்ற மனித முகத்தைக் கம்பனி அவ்வாறு களைந்தது. பின்னர் ஹோஷ் கம்பனியோடும், 1999இல் தைசன் கம்பனியோடும் அஃது இணைந்தது. புதிய நிறுவனத்தின் இலச்சினையில் மூன்று வளையங்களும் இடம்பெற்றன. 2000ஆம் ஆண்டில் ஜேர்மன் அரசும் கைத்தொழில் நிறுவனங்களும் சரிபாதியாக ஆயிரங் கோடி மார்க்கு வழங்கிக் கட்டாய ஊழியருக்கான நிதியத்தை நிறுவியபோது, இந்நிறுவனமும் அதிற் பங்குகொண்டது. 1959இல் ஒதுக்கப்பட்ட கிழக்கு ஐரோப்பியரும் அப்போதே பெறுவோராயினர். ஆனால் போர் முடிந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. உரியவருட் பெரும்பாலோர் அதற்குள் இறந்துவிட்டனர்.

கம்பனிக்கு மனச்சான்று இல்லை என்பது உண்மையே. ஆனால் அதற்கு நினைவு உண்டு. இலாபக் கணக்குகளையும் உரிமப் பத்திரங்களையும் தலைமுறை தலைமுறையாகப் பேணும் ஆற்றல் அதற்கு உண்டு. திரிகைகளுக்கான உரிமப் பணத்தை ஒரு பெரும் போரின் பின்னரும் மறவாது கேட்ட நிறுவனம், நாளொன்றுக்கு நான்கு மார்க்கு வீதம் எழுதிய கணக்கை மறந்ததாகச் சொல்ல இயலாது. தனக்கு வரவேண்டியதை நினைவிற் கொள்ளும் எந்தவோர் ஆளும், இயற்கை ஆளாயினும் சட்ட ஆளாயினும், தான் கொடுக்க வேண்டியதையும் நினைவிற் கொள்ளக் கடமைப்பட்டுள்ளது. அறம் கம்பனியிடமிருந்து கேட்பது, ஒரே பேரேட்டின் இரு பக்கங்களையும் வாசிக்குமாறே.